கேட்பவரைப் பார்த்துப் பதிலை மாற்றும் ஃபங்ஷன்கள்: ஐடி வேலைக்குப் புதிதாக வந்தவர் ஏன் பழி சுமக்கணும்?

தாம்பரம் பேருந்து நிலையத்தில் நின்று "கோவளம் போகணும்" என்று சொன்னால், வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக ஈசிஆருக்குக் கைகாட்டுவார்கள். அதே இரண்டு வார்த்தையைத் திருவனந்தபுரத்தில் ஓர் ஆட்டோக்காரரிடம் சொன்னால், கேரளத்துக் கோவளம் கடற்கரையில் இறக்கிவிடுவார். கன்னியாகுமரி பக்கம் போய்ச் சொன்னால் அங்கே இன்னொரு கோவளம் இருக்கிறது. யாரும் தப்பு செய்யவில்லை. சொல் ஒன்று, சொன்ன இடம் வேறு. சந்தேகம் வந்தால் "எந்தக் கோவளம்ங்க?" என்று மனிதர்கள் திருப்பிக் கேட்டுவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் திருப்பிக் கேட்காது. அதுவாக ஒரு முடிவெடுத்து, அதுதான் சரி என்று அடுத்த வேலைக்குப் போய்விடும்.

புரோகிராமிங் உலகில் இப்படி நடந்துகொள்ளும் ஃபங்ஷன்கள் நிறைய உண்டு. ஒரே பெயர், உள்ளே கொடுப்பதும் ஒன்றேதான். ஆனா எந்த இடத்திலிருந்து அழைக்கிறோம் என்பதைப் பொறுத்துத் திருப்பித் தருவது மாறிவிடும். ஓஎம்ஆர் சாலையில் நாவலூரில் தொடங்கிச் சிறுசேரி வரை அலுவலகங்களில் உட்கார்ந்து கோட் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த தலைவலிதான். "நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னைக்கு ஏன் ஓடல?" என்ற கேள்விக்குப் பின்னால் பல நேரம் இப்படி ஒரு ஃபங்ஷன் இருக்கும். அது வெறும் தலைவலியோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு 2014-ல் உலகம் பார்த்த ஓர் உதாரணமும் இருக்கிறது.

சரி, ஃபங்ஷன் எப்படி ஆளைப் பார்த்துப் பேசும்?

ஃபங்ஷன் என்பது ஒரு வேலையைச் செய்து விடையைக் கையில் தரும் சின்னக் கோட் துண்டு. மற்றவர்கள் பயன்படுத்துவதற்காக இப்படிப் பல ஃபங்ஷன்களை எழுதிச் சேர்த்து வைத்தால் அது லைப்ரரி. லைப்ரரியை எடுத்துப் பயன்படுத்துகிறவர் அதன் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. பெயரைப் பார்ப்பார், ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார், நம்பிவிடுவார். மொத்த மென்பொருள் தொழிலும் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

பெர்ல் என்ற மொழியில் இந்த நம்பிக்கைக்குச் சின்னதாக ஒரு பொறி இருக்கிறது. மூன்று பெயர்கள் உள்ள ஒரு பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரே ஒரு மதிப்பு மட்டும் வைக்கக்கூடிய மாறியில் போட்டால், பெர்ல் "3" என்று எண்ணிக்கையைத் தரும். அதே மாறியைச் சுற்றி ஓர் அடைப்புக்குறி போட்டுவிட்டால், அதில் வந்து உட்காருவது பட்டியலின் முதல் பெயர். மாறியது அடைப்புக்குறி மட்டும்தான். எண் வர வேண்டிய இடத்தில் பெயர் வரும், பெயர் வர வேண்டிய இடத்தில் எண் வரும். எர்ரர் எதுவும் வராது.

இது விபத்தில் வந்ததும் இல்லை. பெர்லை 1987-ல் உருவாக்கிய லாரி வால் மொழியியல் படித்தவர். மனிதர்கள் பேசும் மொழியில் ஒரு சொல்லின் பொருளை அது நிற்கும் இடம் முடிவு செய்கிறது. புரோகிராமிங் மொழியும் ஏன் அப்படி இருக்கக்கூடாது என்பது அவருடைய யோசனை. தமிழில் "அவர் வந்தார்" என்றால் ஒருவர்தான் வந்திருக்கிறார், ஆனா மரியாதைக்காகப் பலர்பால் விகுதி போடுகிறோம். இந்தியில் 'கல்' என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். வாக்கியத்தின் மிச்சப் பகுதி பொருளைக் காட்டிக்கொடுக்கும். பெர்லும் அப்படியே: தன்னை அழைத்தவர் எதிர்பார்ப்பது ஒற்றை மதிப்பா, பட்டியலா, இல்லை எதுவுமே வேண்டாமா என்று ஒரு ஃபங்ஷன் தெரிந்துகொள்ள 'வான்ட்அர்ரே' என்ற வசதியே இருக்கிறது. (அந்தப் பெயரே தப்பு, 'வான்ட்லிஸ்ட்' என்று வைத்திருக்க வேண்டும் என்று பெர்லின் அதிகாரபூர்வ ஆவணமே ஒத்துக்கொள்கிறது.)

வசதியான இடங்களும் உண்டு, மறுக்க முடியாது. இப்போது என்ன நேரம் என்று சொல்லும் 'லோக்கல்டைம்' ஃபங்ஷனை ஒற்றை மதிப்பாகக் கேட்டால், கிழமை, மாதம், தேதி, நேரம், ஆண்டு எல்லாம் சேர்ந்த ஒரு வரி வரும். மனிதர் படிக்கலாம். பட்டியலாகக் கேட்டால் ஒன்பது எண்கள் வரும், கணக்குப் போடலாம். பத்து நிமிடத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வேலையை முடிக்க நினைப்பவருக்கு இது வரம். ஆனா அந்த ஒன்பது எண்களில் ஜனவரி என்பது 0, ஆண்டு 1900-ஐக் கழித்துவிட்டு வரும். 2024 என்பது 124. பட்டியல் வருகிறது என்பதை மறந்து நேரடியாகப் பிரின்ட் போட்டால், ஒன்பது எண்களும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு ஏதோ போன் நம்பர் மாதிரி திரையில் நிற்கும்.

திரையில் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். தெரியாமல் போன இடத்தில்தான் விபரீதம்.

பக்ஸில்லாவில் என்ன நடந்தது?

பக்ஸில்லா என்பது மென்பொருளில் உள்ள கோளாறுகளைப் பதிவு செய்து பின்தொடரும் தளம். ஃபயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொஸில்லா 1998-ல் இதை வெளியிட்டது, எழுதப்பட்டது பெர்லில். ரெட் ஹேட், க்னோம், லினக்ஸ் கெர்னல் எனப் பெரிய பெரிய திட்டங்கள் தங்கள் கோளாறுகளை இதில்தான் பதிந்தன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்ஸில்லாவில் எல்லாப் பதிவுகளும் பொதுவில் தெரியாது. இன்னும் சரிசெய்யப்படாத பாதுகாப்பு ஓட்டைகள் குறிப்பிட்ட சிலருக்கு மட்டுமே தெரியும்படி பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்து பார்க்க முடிந்தால், உலகம் முழுக்க உள்ள கம்ப்யூட்டர்களை எப்படி உடைப்பது என்ற குறிப்பேடு கையில் கிடைத்த மாதிரி.

2014 அக்டோபரில் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும், எந்த மின்னஞ்சல் முகவரியிலும், அந்த முகவரி தங்களுடையதாக இல்லாவிட்டாலும், பக்ஸில்லாவில் கணக்கு தொடங்க முடியும். சிவிஇ-2014-1572 என்ற எண்ணில் அந்த ஓட்டை பதிவானது. சுமார் எட்டு ஆண்டுகளாக அது யார் கண்ணிலும் படாமல் கோடிலேயே இருந்திருக்கிறது.

எப்படி? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், கதையே இங்கேதான் இருக்கிறது.

புதுக் கணக்கு தொடங்கும்போது பக்ஸில்லா முதலில் உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு அனுப்பும். அதைத் திறந்தால்தான் முகவரி உங்களுடையது என்று உறுதியாகும். பிறகு உங்கள் முழுப் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பதிவேடு உருவாக்கும்: 'லாகின் பெயர்', அதற்குப் பக்கத்தில் உறுதிசெய்யப்பட்ட முகவரி, 'முழுப்பெயர்', அதற்குப் பக்கத்தில் நீங்கள் எழுதிய பெயர், 'பாஸ்வேர்டு', அதற்குப் பக்கத்தில் பாஸ்வேர்டு. பெர்லில் இது உண்மையில் ஒரே நீண்ட வரிசை. இரண்டிரண்டாகப் பிரித்து, முதலில் இருப்பது தலைப்பு, அடுத்தது மதிப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் படிவத்தில் எழுதிய பெயரை எடுத்துத் தரும் வேலை 'பேரம்' என்ற ஃபங்ஷனுடையது. பெர்லில் இணையதளம் எழுதியவர்கள் தலைமுறையாகப் பயன்படுத்திய சிஜிஐ.பிஎம் லைப்ரரியிலிருந்து வந்த பழக்கம் அது. ஒற்றை மதிப்பாகக் கேட்டால் பேரம் ஒன்றைத் தரும். பட்டியல் போடும் இடத்தில் வைத்து அழைத்தால், அந்தப் பெயரில் எத்தனை மதிப்புகள் வந்திருக்கின்றனவோ அத்தனையையும் தந்துவிடும். பதிவேடு உருவாக்கும் வரிசை, பெர்லின் கண்ணுக்குப் பட்டியல். கோட் எழுதியவர் மனதில் அது ஒரே ஒரு பெயர்.

இப்போது ஒருவர் 'முழுப்பெயர்' என்ற புலத்தை ஒன்றுக்குப் பதிலாக மூன்று முறை அனுப்புகிறார் என்று வையுங்கள். முதலாவதில் ஏதோ ஒரு பெயர். இரண்டாவதில் 'லாகின் பெயர்' என்ற சொல். மூன்றாவதில் மொஸில்லா ஊழியர் ஒருவரின் மின்னஞ்சல் முகவரி. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று பேர் நுழைந்து நிற்பதுபோல, இந்த மூன்றும் வரிசைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டிரண்டாகப் பிரிக்கும்போது, 'முழுப்பெயர்' தலைப்புக்கு அந்த ஏதோ ஒரு பெயர் போகும். அடுத்த ஜோடி: 'லாகின் பெயர்', அதற்கு ஊழியரின் முகவரி. ஒரே தலைப்பு இரண்டு முறை வந்தால் பெர்லில் கடைசியாக வந்ததுதான் நிற்கும். மெயில் அனுப்பி, இணைப்பைத் திறக்கவைத்து, உறுதிசெய்து வைத்திருந்த முகவரி சத்தமில்லாமல் அழிந்து, அந்த இடத்தில் திருட்டு முகவரி வந்துவிடும்.

பல பக்ஸில்லா தளங்களில், குறிப்பிட்ட நிறுவனத்தின் முகவரியோடு வருபவர்களைத் தானாகவே உள்வட்டக் குழுவில் சேர்க்கும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அதாவது முகவரியை மாற்றினால் போதும், பூட்டும் தானாகத் திறக்கும்.

இங்கே யாரும் பாஸ்வேர்டை உடைக்கவில்லை. நூதனமான ஹேக்கிங் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு ஃபங்ஷன், தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துத் தன் பதிலை நீட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

பூட்டிவைத்த பதிவுகள் வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த வருடமே ஒரு சான்று கிடைத்தது. காரணம் வேறு, அதைக் கலந்துவிடக் கூடாது: அந்த முறை சிறப்பு அனுமதி பெற்ற ஒருவர் வேறொரு தளத்திலும் அதே பாஸ்வேர்டை வைத்திருந்ததால் உள்ளே புகுந்தார்கள். ஆனா விளைவைப் பாருங்கள். பொதுவில் இல்லாத 185 பதிவுகளை அந்த நபர் பார்த்திருந்தார் என்று மொஸில்லா 2015 செப்டம்பரில் அறிவித்தது. அதிலிருந்து எடுத்த தகவலை வைத்து ஃபயர்பாக்ஸ் பயனாளர்களைத் தாக்கியதாகத் தாங்கள் கருதுவதாகவும் சொன்னது. தமிழ் உட்பட எத்தனையோ மொழிகளில் ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் எவருக்கும் பேரம் என்ற ஃபங்ஷனைத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பழைய பெர்ல் கதைதானே?

'இப்போ யாருங்க பெர்ல் எழுதறாங்க?' என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனா இந்தப் பழக்கம் பெர்லோடு நின்றுவிடவில்லை.

கேளம்பாக்கம், வண்டலூர், படூர் சுற்றுவட்டாரத்தில் உள்ள பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களுக்கு மேட்லேப் தெரிந்திருக்கும். அதில் 'சைஸ்' என்ற ஃபங்ஷன், ஒரு படத்தின் அளவைச் சொல்லும். 480 வரிசை, 640 நெடுவரிசை கொண்ட வண்ணப் படம் என்றால் மூன்றாவதாக 3 வரும். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அடுக்குகள். விடையை ஒரே மாறியில் வாங்கினால் 480, 640, 3 என்று ஒழுங்காக வரும். உயரம், அகலம் என்று இரண்டு மாறிகளில் வாங்கினால்? உயரம் 480. அகலம் 1920. கேட்டது இரண்டுதானே என்று, மிச்சம் இருந்த 3-ஐ 640-ஓடு பெருக்கிக் கடைசி மாறியில் போட்டுவிடும். கறுப்பு-வெள்ளைப் படத்தில் இந்தச் சிக்கல் வராது, அகலம் 640 என்றே வரும். அதனால் லேபில் கறுப்பு-வெள்ளைப் படத்தோடு சோதித்துப் பார்த்த மாணவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். 1920 என்பது பார்த்தாலே சந்தேகம் வராத எண் வேறு; லேப்டாப் திரையின் அகலமே பெரும்பாலும் அதுதான்.

பிஎச்பி-யில் 'ஸ்ட்ர்பாஸ்' என்று ஒரு ஃபங்ஷன். ஒரு வாக்கியத்துக்குள் ஒரு சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும், இல்லாவிட்டால் 'ஃபால்ஸ்' என்று சொல்லும். "கோவளம் கடற்கரை" என்பதில் 'கோவளம்' எங்கே என்று கேட்டால் தொடக்கத்திலேயே இருப்பதால் 0. ஆனா 'இருக்கா, இல்லையா' என்று கேட்கும் இடத்தில் அதை வைத்தால், பிஎச்பி 0-ஐ 'இல்லை' என்று படிக்கும். முதல் சொல்லாகவே கண்ணெதிரே நிற்கும் கோவளத்தைக் காணவில்லை என்று சொல்லிவிடும்! பிஎச்பி கையேடு இதற்காகத் தனியாக எச்சரிக்கைப் பெட்டியே போட்டிருக்கிறது. 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8-ல்தான் 'இருக்கிறதா' என்பதற்கு மட்டும் பதில் சொல்லும் தனி ஃபங்ஷன் வந்தது. ஆமாம் அல்லது இல்லை, வேறு எதுவும் தராது. முன்பே வந்திருக்க வேண்டியது.

பைத்தான் எழுதுகிறவர்களும் தப்பவில்லை. எக்ஸ்எம்எல் தரவைப் படிக்க உதவும் 'எக்ஸ்எம்எல்டுடிக்ட்' என்ற லைப்ரரியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஒரு புலம் பலமுறை வந்தால் பட்டியலாகத் தரும். ஒரே ஒரு முறை வந்தால் பட்டியல் இல்லாமல் வெறும் மதிப்பாகத் தரும். கற்பனைக்கு ஒரு பஸ் ஆப் எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுத்தத்தைக் கொடுத்தால் அங்கே வரும் பஸ் எண்களை வரிசையாகக் காட்ட வேண்டும். தாம்பரம் மாதிரி கூட்டமான நிறுத்தத்தை வைத்துச் சோதிக்கிறார்கள், அருமையாக ஓடுகிறது. பிறகு கடலோரத்தில் ஒரே ஒரு பஸ் மட்டும் வரும் சின்ன நிறுத்தத்துக்கு ஒருவர் தேடுகிறார். அந்த பஸ் 515 என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் வர வேண்டிய இடத்தில் வெறும் '515' என்ற எழுத்துத் தொடர் வருகிறது. பைத்தான் அதையும் எழுத்து எழுத்தாகப் பிரித்து ஓட்டும். திரையில் மூன்று பஸ்கள்: 5, 1, 5. எர்ரர் கிடையாது.

அடிபடுவது யார் என்று கவனியுங்கள். நிறைய இருக்கும் இடத்தில் கோட் ஒழுங்காக ஓடுகிறது, ஒன்று மட்டும் இருக்கும் இடத்தில்தான் உடைகிறது. ஒரு பஸ் வரும் ஊர், ஒரே பயணி பெயரில் எடுத்த டிக்கெட், ஒரே பொருள் போட்ட பில். சோதனைக்கு யாரும் எடுத்துக்கொள்ளாத ஆட்கள். இந்த லைப்ரரியில் 'எப்போதும் பட்டியலாகவே கொடு' என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஆனா அதைக் கேட்டு வாங்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பது, பெரும்பாலும் ஒருமுறை அடிபட்ட பிறகுதான் தெரியும்.

தமிழில் கோட் எழுதிப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் காத்திருக்கிறது. பெர்லிடம் 'கோவளம்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால், ஃபைலின் மேலே யுடிஎஃப்-8 என்று ஒரு வரி போட்டிருந்தால் 6 என்று சொல்லும், போடாவிட்டால் 18 என்று சொல்லும். கோ, வ, ள, ம் என்று நான்கு எழுத்து எண்ணும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இரண்டுமே தப்பு. போகட்டும்.

ஆவணத்தில்தான் எழுதியிருக்கே?

பக்ஸில்லா விவகாரம் வெளியானபோதும், அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்த மாநாட்டில் செக் பாயின்ட் ஆய்வாளர் இதை மேடையில் விளக்கியபோதும், பெர்ல் ஆட்கள் பலருக்குக் கோபம் வந்தது. பேரம் இப்படித்தான் நடக்கும் என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறது, படிக்காமல் எழுதியவர் தப்பு, மொழி மேல் ஏன் பழி போடுறீங்க என்பது அவர்கள் வாதம்.

பாதி உண்மை. எழுதித்தான் இருக்கிறது. ஆனா பக்ஸில்லாவை எழுதியவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை. பெர்லில் ஊறியவர்கள். அவர்களே எட்டு வருடம் கவனிக்காத ஒன்றை, ஆவணத்தைப் படித்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று சொல்வது, பள்ளம் இருக்கும் சாலையில் விழுந்தவரிடம் "போர்டு வச்சிருந்தோமே" என்று சொல்வதற்குச் சமம். ஒரு வரியைப் படித்தால் அது என்ன செய்யும் என்று அந்த வரியிலேயே தெரிய வேண்டும். பேரம் என்ற சொல் எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே தெரிகிறது, நடப்பது மட்டும் மாறுகிறது. படிப்பவருக்குக் கண்ணில் எந்தத் தடயமும் இல்லை.

சூழலைப் பார்ப்பதே தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. இதற்கு எதிர்ச் சாட்சி கோவளத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே இருக்கிறது. சிறுசேரி சிப்காட் ஐடி பார்க்குக்குள், மென்பொருள் நிறுவனங்களுக்கு நடுவே, 2005 முதல் சென்னை கணிதவியல் நிறுவனம் இயங்குகிறது. அங்கே கற்றுத்தரும் மொழிகளில் ஒன்று ஹாஸ்கெல். பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், எஸ்.பி.சுரேஷ் நடத்தும் ஹாஸ்கெல் பாடத்தை என்பிடெல்-லில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த மொழியிலும் சூழலைப் பார்த்துப் பதில் மாறும் ஃபங்ஷன் உண்டு. 'ரீட்' என்ற ஃபங்ஷனிடம் "5" என்ற எழுத்தைக் கொடுத்தால், முழு எண் வேண்டிய இடத்தில் முழு எண்ணாகவும், தசமம் வேண்டிய இடத்தில் தசமமாகவும் தரும். பெர்ல் மாதிரியேதானே? ஒரு வித்தியாசம். அங்கே ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன வகை விடை தரும் என்பது முன்கூட்டியே கணக்கில் இருக்கும். எந்த வகை என்று முடிவு செய்ய முடியாத இடத்தில் ஹாஸ்கெல் கம்பைலர் புரோகிராமை ஓடவே விடாது. "எந்தக் கோவளம்ங்க?" என்று திருப்பிக் கேட்டுவிடும்.

பெர்லுக்கும் பிஎச்பி-க்கும் குறை அங்கேதான். யூகிக்கிறது, யூகித்ததைச் சொல்வதில்லை.

லாரி வாலின் திட்டத்துக்குள்ளேயே இந்தப் பாடம் கற்கப்பட்டது என்பதுதான் சுவாரசியம். பெர்லின் அடுத்த தலைமுறையாக அவர் தலைமையில் உருவாகி, 2015 டிசம்பரில் வெளியாகி, 2019-ல் ராக்கு என்று பெயர் மாறிய மொழியில் வான்ட்அர்ரே கிடையாது. தன்னை அழைத்தவர் பட்டியலை எதிர்பார்க்கிறாரா, ஒற்றை மதிப்பையா என்று ஃபங்ஷனால் அங்கே கேட்டுப் பார்க்க முடியாது. மனித மொழி மாதிரி இருக்கட்டும் என்று வைத்த வசதியை, கிட்டத்தட்ட முப்பது வருட அனுபவத்துக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள்.

இதன் சுமை யார் தலையில்?

ஓஎம்ஆரில் வேலைக்குச் சேரும் பலருக்கு முதலில் கிடைப்பது புது ஆப் உருவாக்கும் வேலை கிடையாது. வேறு ஊரில், வேறு காலத்தில், யாரோ எழுதிவிட்டுப் போன கோடைப் பராமரிக்கும் வேலை. ஒரு மதிப்பு வந்த இடத்தில் இரண்டு வரத் தொடங்கினால் உடைகிற கோட். அதை எழுதியவர் போய்விட்டார், லைப்ரரியை வடிவமைத்தவர் கண்காணாத தேசத்தில் இருக்கிறார், டிக்கெட் மட்டும் ஆறு மாத அனுபவம் உள்ள ஒருவர் பெயரில் விழுகிறது. அவர் செய்தது ஒரு வரியை இடம் மாற்றியது மட்டும். "நீ தொட்ட பிறகுதானே உடைஞ்சது?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. உண்மையில் அந்தக் கேள்விதான் தப்பு. ஒரு வரியை இடம் மாற்றினாலே விடை மாறும் என்றால், கோளாறு அந்த வரியை மாற்றியவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது.

இப்போது கோடில் கணிசமான பகுதியை ஏஐ கருவிகள் எழுதித் தருகின்றன. எழுதுவது எளிதாகிவிட்டது, சரிபார்ப்பதுதான் மனிதர் வேலை. சரிபார்ப்பவர் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் கண்ணால்தான் படிக்கிறார். படித்தால் தெரியாத நடத்தை கொண்ட ஃபங்ஷன்களுக்கு இதைவிட வசதியான காலம் இருக்க முடியாது.

நிறுவனங்கள் செய்யக்கூடியது பெரிய விஷயமெல்லாம் இல்லை. உள்ளுக்குள் எழுதும் லைப்ரரிகளில், பட்டியல் தரும் ஃபங்ஷன் எப்போதும் பட்டியலே தரட்டும். ஒன்று இருந்தாலும் ஒன்று உள்ள பட்டியல், எதுவும் இல்லாவிட்டால் காலிப் பட்டியல். இரண்டு விதமான விடை தேவைப்பட்டால் இரண்டு பெயர் வையுங்கள், பெயருக்குக் காசு இல்லை. சோதனைத் தரவில் பூஜ்ஜியம், ஒன்று, பல என்று மூன்றும் இருக்கிறதா என்று ரிவ்யூவில் கேட்பது ஒரு நிமிட வேலை. புள்ளியியல்காரர்கள் பயன்படுத்தும் ஆர் மொழியில் 'எஸ்அப்ளை' இப்படி விடையின் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், என்ன வடிவம் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடும் 'விஅப்ளை'யைப் பயன்படுத்துவது கூடுதல் பாதுகாப்பாக இருக்கலாம் என்று அதன் உதவிப் பக்கமே சொல்கிறது. கல்லூரிகளும் ஃபங்ஷன் எழுதச் சொல்லித்தருவதோடு நிறுத்தாமல், அடுத்தவர் எழுதியதை நம்புவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லித்தரலாம். கோளாறு வந்தால், கடைசியாகத் தொட்டவர் யார் என்பதற்கு முன்னால், இந்த ஃபங்ஷன் எத்தனை விதமாகப் பதில் சொல்லும் என்று பார்க்கும் வழக்கம் அலுவலகங்களில் வர வேண்டும். அதுதான் இங்கே அவசரத் தேவை.

பழைய லைப்ரரிகளைச் சரிசெய்வது இவ்வளவு எளிதில்லை. அதற்கும் சிஜிஐ.பிஎம்-தான் உதாரணம். 1997 முதல் பெர்லோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த அந்த லைப்ரரி, 2015-ல் வந்த 5.22 பதிப்போடு பெர்லின் அடிப்படைத் தொகுப்பிலிருந்து வெளியேறியது. வெளியேற்றும் முடிவு பக்ஸில்லா விவகாரத்துக்கு முன்பே எடுக்கப்பட்டதுதான். பேரம் மட்டும் மாறவில்லை. மாற்றினால் உலகம் முழுக்க எத்தனை தளங்கள் உடையும் என்று யாருக்கும் தெரியாது. பதிலுக்கு, பட்டியல் வேண்டியவர்களுக்கு 'மல்டிபேரம்' என்று தனிப் பெயரில் ஒன்று கொடுத்தார்கள். பேரத்தைப் பட்டியலாக அழைத்தால் சர்வர் லாகில் ஓர் எச்சரிக்கை விழும்படியும் செய்தார்கள்.

அந்த எச்சரிக்கை ஒருமுறைதான் வரும். அதுவும் தொந்தரவாக இருந்தால் அணைத்துவைக்க ஒரு மாறி இருக்கிறது, 0 என்று கொடுத்தால் போதும்.